ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு ரிட்டர்ன் டிக்கெட்!

'பிராண்டட் வாங்கலாமா, அசெம்பிள்டு போடலாமா?' - ஹாஸ்டல் ரூமில் நாலு பேர் கூடினால் போதும், இந்தப் பட்டிமன்றம் ஆரம்பிச்சிடும். ஒருத்தர் இன்டெல் கட்சி, இன்னொருத்தர் ஏஎம்டி கட்சி. மூணாவது ஆள் 'என்விடியா இல்லாம என்னடா கேமிங்'னு மேஜையைத் தட்டுவார். நாலாவது ஆள் மட்டும் அமைதியா உட்கார்ந்திருப்பார். ஏன்னா காசு போடப் போறது அவரோட அப்பா!

இந்தக் கட்டுரை அந்த நாலாவது ஆளுக்குத்தான். அதுவும் குறிப்பா திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இருந்து தினமும் லோக்கல் டிரெய்னில் காலேஜ் போய் வர்ற உங்களுக்கு. செமஸ்டர் லீவில் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த காசா இருக்கலாம், அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த பணமா இருக்கலாம். ஒரே தடவைதான் செலவு பண்ண முடியும். தப்பான பொருளை வாங்கிட்டா அடுத்த நாலு வருஷத்துக்கு அதோடதான் குடித்தனம்.

முதல்ல நம்ம ஊர்ப் பெருமை கொஞ்சம். தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது எங்கே தெரியுமா? திருவள்ளூரை ஒட்டின காக்களூரில்! எத்தனையோ வீடுகளுக்குள் நுழைஞ்ச முதல் கம்ப்யூட்டரே அந்தத் திட்டத்தில் வந்ததுதான். 2025 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு இரண்டு வருஷத்தில் 20 லட்சம் லேப்டாப்னு அறிவிச்சாங்க. உங்க பையிலேயே ஒண்ணு இருக்கலாம். பிராஜெக்ட் ரிப்போர்ட், கோடிங், ஆன்லைன் கிளாஸ் எல்லாத்துக்கும் அது தாராளமா போதும். ஆனா தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் புதுசா வர்ற பெரிய கேம்களைப் போட்டா, ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்தும். படம் ஸ்லைடு ஷோ மாதிரி ஓடும்.

அப்புறம் பக்கத்து ஏரியா பெருமை. டெல் நிறுவனம் 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஃபேக்டரி ஆரம்பிச்சது. 2025 ஜனவரியில் எம்எஸ்ஐ லேப்டாப்களை சிர்மா எஸ்ஜிஎஸ் கம்பெனி சென்னையில் தயாரிக்க ஆரம்பிச்சது. ஸ்பீக்கர், கேபினட், எஸ்எம்பிஎஸ்னு எல்லாக் கடையிலும் பார்க்கிறோமே ஜெப்ரானிக்ஸ், அதுவும் 1997-ல் தொடங்கின சென்னைக் கம்பெனிதான். இதெல்லாம் நம்மைச் சுத்தியே நடந்தும், கம்ப்யூட்டர் வாங்கணும்னா நாம போற இடம் ஒண்ணே ஒண்ணுதான். மவுண்ட் ரோடு பக்கத்துல ரிச்சி ஸ்ட்ரீட்!

பெட்டிக்குள்ள யாரு?

பிராண்டுச் சண்டையில் இறங்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன மேட்டரைப் புரிஞ்சுக்கணும். நீங்க வாங்கற பெட்டி மேல இருக்கிற பேரும், உள்ளே இருக்கிற சிப்பைச் செஞ்ச கம்பெனியும் பெரும்பாலும் வேற வேற.

கிராஃபிக்ஸ் கார்டை எடுத்துக்குங்க. சிப்பை டிசைன் பண்றது என்விடியா. அதை அச்சடிச்சுக் கொடுக்கிறது தைவானில் இருக்கிற டிஎஸ்எம்சி. அந்தச் சிப்பை வாங்கி, போர்டில் வச்சு, ஃபேன் மாட்டி, கலர் கலரா லைட் போட்டு விக்கிறது அசூஸ், எம்எஸ்ஐ, கிகாபைட், ஜோட்டாக், கேலக்ஸ் மாதிரி கம்பெனிகள். அதனால ஒரே சிப் இருக்கிற ரெண்டு கார்டுக்கு நடுவில் விளையாட்டு வேகம் பெரிசா மாறாது. மாறறது ஃபேன் சத்தம், சூடு, அப்புறம் வாரன்டிக்கு எங்கே போய் நிக்கணும்ங்கிறது. மூணு ஃபேன், ரெயின்போ லைட் எல்லாம் பார்த்து எக்ஸ்ட்ரா ஆயிரக்கணக்கில் கொடுக்கிறதுக்குப் பதிலா, அதே காசில் ஒரு படி மேலே இருக்கிற சிப்பை வாங்கறது புத்திசாலித்தனம்.

ரேமும் அப்படித்தான். கடையில் கோர்ஸேர், ஜிஸ்கில், கிங்ஸ்டன், அடாட்டானு பத்து பேர் இருக்கும். உள்ளே இருக்கிற மெமரி சிப்பில் பெரும்பங்கைச் செய்யறது உலகத்திலேயே மூணே பேர்: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். இந்த மூணு பேரும் ஏஐ டேட்டா சென்டர்களுக்குச் சப்ளை பண்றதில் இறங்கினதால 2025 கடைசியில் ரேம் விலை ரெண்டு மடங்குக்கு மேல எகிறினது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். அந்த டிசம்பரில் மைக்ரான் ஒரு குண்டையும் தூக்கிப் போட்டது. 'குருஷியல்'ங்கிற பேர்ல நம்மளை மாதிரி ஆளுங்களுக்கு வித்துக்கிட்டிருந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தையே மூடறோம்னு அறிவிச்சிடுச்சு. எங்கேயோ அமெரிக்காவில் ஒரு டேட்டா சென்டர் கட்டினா, பொன்னேரியில் ஒரு பையனோட பட்ஜெட்டில் துண்டு விழுது. என்ன பண்றது? ரேமை ஒரு இரும்புக் கடை ரேட்டு மாதிரி நினைச்சுக்குங்க. போன மாசம் ஃப்ரெண்டு வாங்கின விலையை நம்பிக் கிளம்பாதீங்க. அன்னிக்குக் காலையில் விசாரிச்சுட்டுப் போங்க.

இன்னொரு உண்மைக் கதை. மதர்போர்டுக்குப் பேர் போன கம்பெனி கிகாபைட். 2021-ல் அவங்க எஸ்எம்பிஎஸ் மாடல் ரெண்டு, டெஸ்டிங்கில் வெடிச்சுப் புகைஞ்சதா விமர்சகர்கள் வீடியோவே போட்டாங்க. கடைசியில் ஆகஸ்ட் மாசம், குறிப்பிட்ட சீரியல் நம்பர்களுக்கு மாத்திக் கொடுக்கிறோம்னு கம்பெனியே அறிவிச்சது. போர்டு நல்லா இருக்குங்கிறதுக்காக அதே பேர் போட்ட எல்லாமே நல்லா இருக்கணும்னு அவசியம் இல்லை. 'நான் இந்த பிராண்டு ஃபேன்'னு ரசிகர் மன்றம் வைக்கிறதெல்லாம் சினிமாவோட வச்சுக்குவோமே. இங்கே மாடல் நம்பர்தான் ஹீரோ.

இன்டெல்லா, ஏஎம்டியா?

இதோ வந்தாச்சு முக்கிய மேட்ச்சுக்கு!

ஏஎம்டியோட பெரிய பலம், ஒரே சாக்கெட்டில் ரொம்ப வருஷம் ஓட்டறது. 2017-ல் ஏஎம்4 போர்டு வாங்கினவங்க பல பேர், பயாஸை மட்டும் அப்டேட் பண்ணிட்டு 2022-ல் வந்த பிராசஸரை அதே போர்டில் மாட்டினாங்க. 2022-ல் வந்த ஏஎம்5 சாக்கெட்டையும் 2027 வரைக்கும், அதுக்கு மேலயும் தொடர்வோம்னு சொல்லியிருக்காங்க. இன்டெல் பக்கம் பொதுவா ரெண்டு, மூணு தலைமுறைக்கு ஒரு தடவை சாக்கெட்டை மாத்திடுவாங்க. 12, 13, 14-ம் தலைமுறைக்கு ஒரு சாக்கெட், அதுக்கு அடுத்த கோர் அல்ட்ரா 200-க்கு வேற சாக்கெட். இன்னிக்குச் சின்னதா ஆரம்பிச்சு, வேலைக்குப் போனதும் பெரிசா மாத்திக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஏஎம்டிதான் தோது.

ஆனா ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ரேம் மட்டும்தான் உட்காரும். ரேம் விலை எகிறும்போது இது பெரிய இடி. ஃப்ரெண்டு கிட்டயோ பழைய செட்டுலயோ டிடிஆர்4 ரேம் கிடைக்குதுன்னா ஏஎம்4-ல் ரைசன் 5 5600, அல்லது இன்டெல் பக்கம் டிடிஆர்4 போர்டோட ஐ5-12400எஃப், ஐ3-12100எஃப்னு யோசிக்கலாம். பழைய சரக்குதான். ஆனா 1080பி மானிட்டரில் காலேஜ் பசங்க விளையாடற கேம்களுக்கு இன்னும் தாக்குப் பிடிக்கும்.

அந்தக் கடைசி 'எஃப்'-ஐக் கவனிச்சீங்களா? அது இருந்தா உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாதுன்னு அர்த்தம். தனி கார்டு போடாம ஆன் பண்ணினா மானிட்டரில் ஒரு புள்ளி கூட வராது. 'கார்டை ரெண்டு மாசம் கழிச்சு வாங்கிக்கலாம்'னு நினைக்கிறவங்க இந்த எழுத்தால் ஏமாந்துடாதீங்க. அப்படிப் படிப்படியா கட்டப் போறீங்கன்னா உள்ளேயே ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் இருக்கிற ரைசன் 5 5600ஜி, 8600ஜி மாதிரி வாங்கி, 'வேலரன்ட்', 'ஜிடிஏ 5' எல்லாம் செட்டிங்கைக் குறைச்சு ஓட்டிக்கிட்டே காசு சேர்க்கலாம். ஒரு கண்டிஷன்: ரேம் ஒரே குச்சியா இருக்கக்கூடாது. ஒரு 16 ஜிபிக்குப் பதிலா ரெண்டு 8 ஜிபி போடுங்க. உள் கிராஃபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்கி ஓடுது. ரெண்டு வழி திறந்தா வேகம் நல்லாவே ஏறும்.

பழைய பிராசஸர் வாங்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சிலவற்றுக்குத் தேவைக்கு மேல வோல்டேஜ் போய், நாளாக ஆக கேம் நடுவில் கிராஷ் ஆகற பிரச்னை 2024-ல் வெடிச்சது. இன்டெல் பயாஸ் வழியா சரிசெய்யற அப்டேட் விட்டது. வாரன்டியையும் ரெண்டு வருஷம் நீட்டினது. ஆனா ஏற்கெனவே பாதிச்ச சிப்பை அப்டேட் திரும்பச் சரி பண்ணாது. அதனால அந்தத் தலைமுறை செகண்ட் ஹேண்ட் ஐ7, ஐ9 'செம ரேட்டு'ல வந்தா, ஏன் செம ரேட்டுனு ஒரு நிமிஷம் யோசிங்க.

பேரைப் பார்த்து மயங்காதே!

கிராஃபிக்ஸ் கார்டுதான் கேமிங் செட்டுக்கு உயிர். மொத்த பட்ஜெட்டில் மூணில் ஒரு பங்குக்குக் குறையாம இதுக்கு ஒதுக்கணும். கொஞ்சம் கூடப் போனாலும் தப்பில்லை. அதனாலதான் ஏமாத்தறதும் இங்கேதான் அதிகம்.

'தம்பி, 4 ஜிபி கார்டு இருக்கு, எல்லா கேமும் ஓடும்'னு யாராவது சொன்னா, முதல்ல கேளுங்க: 'அண்ணா, என்ன மாடல்?' ஜிடி 730னு பதில் வந்தா, தேங்க்ஸ் சொல்லிட்டு நடையைக் கட்டுங்க. அது 2014-ல் வந்த மாடல். வேகம் இல்லாத சிப்புக்கு எத்தனை ஜிபி கொடுத்தாலும் அது பேருந்து ஸ்டாண்டு மாதிரி பெரிய வாசல் வச்ச ஒத்தை ரூம் வீடுதான்.

புது கார்டிலும் ஜாக்கிரதை வேணும். ஆர்டிஎக்ஸ் 3050-ல் 8 ஜிபி ஒண்ணு, 6 ஜிபி ஒண்ணு. மெமரி மட்டும்தான் வித்தியாசம்னு நினைப்பீங்க. இல்லை, 6 ஜிபியில் சிப்போட கோர்களே குறைவு. (ஆனா அதுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: 70 வாட்தான் இழுக்கும், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் வயரே வேண்டாம். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் மாட்ட நல்லது.) ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியும் 8 ஜிபி, 16 ஜிபினு ரெண்டு அவதாரம். இங்கே காசு இருந்தா 16 ஜிபிதான் என் ஓட்டு. புது கேம்கள் 8 ஜிபியை ரொம்பச் சுலபமா நிரப்பிடுது. இன்டெல்லோட ஆர்க் பி580-ல் 12 ஜிபி கிடைக்கும். ஆனா பழைய பிராசஸரோட ஜோடி சேர்த்தா திணறும். என்விடியாவோட ஆர்டிஎக்ஸ் 5060-க்கு 8 ஜிபிதான். ஆனா பிளெண்டர், வீடியோ எடிட்டிங், ஏஐ பிராஜெக்ட்னு படிப்பு வேலையும் இருந்தா என்விடியாவுக்கு சாஃப்ட்வேர் ஆதரவு அதிகம். விஸ்காம், கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் இதையும் கணக்கில் வைங்க. கேமுக்காக வாங்கினேன்னு வீட்டில் சொல்ல முடியாதவங்களுக்கும் இது நல்ல பாயின்ட்!

செகண்ட் ஹேண்டு கார்டு? 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் மைனிங் முறையையே கைவிட்டதும், மைனிங்கில் ராப்பகலா ஓடின கார்டுகள் உலகம் பூரா சந்தைக்கு வந்துச்சு. எல்லாமே மோசம்னு சொல்ல முடியாது. ஆனா கண் முன்னாடி அரை மணி நேரம் ஒரு கேமோ, ஸ்ட்ரெஸ் டெஸ்ட்டோ ஓட்டிக் காட்டினாதான் காசு. 'ரெண்டு ஃபேனும் சுத்துது பாருங்க'ங்கிறது டெஸ்ட் இல்லை.

ஒரு ஜென்மப் பகை: எஸ்எம்பிஎஸ்

நம்ம ஆளுங்க செய்யற பெரிய தப்பு எதுன்னு கேட்டா, யோசிக்காம சொல்வேன்: எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடிக்கிறது. கேபினட்டோட சேர்த்து இலவசமா வர்ற டப்பாவை மாட்டி, அதுக்கு மேல முப்பதாயிரம் ரூபா கார்டைத் தொங்க விடறது.

ஒரு சின்னக் கணக்கு பண்ணுவோம், பிளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் +12வி என்கிற இடத்தில் எத்தனை ஆம்பியர்னு பாருங்க. 36 ஆம்பியர்னா 12 × 36 = 432 வாட். 450 வாட்னு போட்டிருந்தா நியாயமான பொருள். அதே 450 வாட்னு போட்ட லோக்கல் டப்பாவில் 16 ஆம்பியர்னு இருந்தா? 12 × 16 = 192 வாட். பிராசஸரும் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் வாழுது. மிச்சமெல்லாம் பேப்பர் வாட்! ஸ்டிக்கரே இல்லைன்னா தொடவே தொடாதீங்க.

'80 பிளஸ்' முத்திரை இருந்தா நல்லதுதான். ஆனா அது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காம மாத்துதுனு சொல்ற சர்டிபிகேட். பாதுகாப்புக்கான சர்டிபிகேட் கிடையாது. வாரன்டி எத்தனை வருஷம்னு பாருங்க, அதுதான் கம்பெனிக்கே தன் பொருள் மேல எவ்வளவு நம்பிக்கைங்கிறதைக் காட்டும். அஞ்சு வருஷம் கொடுக்கிறவனும் ஒரு வருஷம் கொடுக்கிறவனும் ஒண்ணா?

அதுவும் நம்ம ஏரியா கரென்ட் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? சாயங்காலம் டியூப் லைட் கண் சிமிட்டறதைப் பார்த்திருப்பீங்க. அதனால யுபிஎஸ் கட்டாயம். இதிலும் ஒரு கணக்கு உண்டு. 600 விஏ யுபிஎஸ்னா பொதுவா 360 வாட்தான் தாங்கும். நடுத்தர கேமிங் செட்டு மானிட்டரோட சேர்ந்து கேம் ஓடும்போது 300 வாட் வரை இழுக்கலாம். கரென்ட் போன அந்த நொடியில் 600 விஏ மூச்சுத் திணறும். 1100 விஏ, 660 வாட் மாதிரி வாங்கினா, கேமை சேவ் பண்ணி முறையா அணைக்க நிம்மதியா நேரம் கிடைக்கும். வாங்கற அன்னிக்கே 'அண்ணா, ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸோட இந்த யுபிஎஸ் ஒத்துப் போகுமா?'னு ஒரு கேள்வி போடுங்க. சில ஜோடிகள் ஒத்துப் போகாம, கரென்ட் போனதும் யுபிஎஸ் இருந்தும் செட்டு அணைஞ்சிடும்.

ஈ.பி. பில்லையும் பார்த்துடலாம். 300 வாட் செட்டை தினம் 3 மணி நேரம் ஓட்டினா, ரெண்டு மாசத்துக்கு 54 யூனிட். வீட்டுக்குக் கிடைக்கிற 100 யூனிட் இலவசத்தில் பாதிக்கு மேல நீங்களே சாப்பிட்டாச்சு! அப்பா திட்டினா அர்த்தம் இருக்கு.

தூசி, வெயில், உப்புக் காத்து

யூட்யூப்பில் செட்டு போட்டுக் காட்டறவங்க எல்லாம் ஏசி ரூமில் உட்கார்ந்திருக்காங்க. நம்ம நிலைமை வேற. திருத்தணி பக்கம் மே மாசம் 40 டிகிரியைத் தாண்டறது சர்வ சாதாரணம். ரூமே 38 டிகிரியில் இருந்தா, உள்ளே போற காத்தும் அதே சூடுதான். எவ்வளவு விலையுள்ள கூலரும் ரூம் சூட்டுக்குக் கீழே இறக்க முடியாது. முன்பக்கம் பளபளனு கண்ணாடி வச்சு மூடின கேபினட்டைத் தவிருங்க. வலை மாதிரி ஓட்டை போட்ட முன்பக்கம் இருக்கட்டும். முன்னாடி ரெண்டு ஃபேன் உள்ளே இழுக்கணும், பின்னாடி ஒண்ணு வெளியே தள்ளணும். உள்ளே வர்ற காத்து அதிகமா இருந்தா சந்து பொந்து வழியா தூசி நுழையறது குறையும்.

தூசிதான் கும்மிடிப்பூண்டிக்காரங்களுக்கு முக்கியம். ரோலிங் மில், ஃபவுண்ட்ரி பக்கத்தில் வீடுன்னா, ஜன்னலோரம் படியற கறுப்புத் தூளைத் துடைச்சுத் துடைச்சு அம்மா அலுத்துப் போயிருப்பாங்க. அந்தத் தூளில் உலோகம் கலந்திருந்தா மதர்போர்டுக்கு ஆகாது. கழட்டிக் கழுவற டஸ்ட் ஃபில்டர் இருக்கிற கேபினட்டா பாருங்க. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஃபில்டரைக் கழுவி, நல்லாக் காய வச்சு மாட்டுங்க. பழவேற்காடு, மீஞ்சூர் பக்கமா? உப்புக் காத்தும் ஈரப்பதமும் கனெக்டர்களைச் சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். மாசக்கணக்கா ஆன் பண்ணாம மூடி வைக்காதீங்க. கேபினட்டைத் தரையிலும் வைக்காதீங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணி வீட்டுக்குள்ள வந்தப்போ முதல்ல நனைஞ்சது தரையில் இருந்ததுதான்.

போலாம் ரைட்!

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி ரெண்டு லைனும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸில் வந்து சேரும். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே ஸ்டாப், அரசினர் தோட்டம். இறங்கி நடந்தா ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு லீவு. வார நாளில், கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி போங்க.

கிளம்பறதுக்கு முந்தின நாளே பார்ட் லிஸ்டை முழு மாடல் நம்பரோட ஒரு பேப்பரில் எழுதுங்க. ஆன்லைனில் அன்னிக்கு என்ன விலைனு பக்கத்தில் குறிச்சுக்குங்க. குறைஞ்சது மூணு கடையில் கொட்டேஷன் கேளுங்க. 'அந்த போர்டு ஸ்டாக் இல்லை தம்பி, இது அதைவிட பெஸ்ட்டு'னு சொன்னா, உடனே தலையாட்டாதீங்க. வெளியே வந்து போனில் அந்த மாடலைத் தேடிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. நல்ல கடைக்காரர் காத்திருப்பார். அங்கே வருஷக்கணக்கா நேர்மையா வியாபாரம் பண்றவங்க நிறைய பேர் உண்டு. காலேஜ் பசங்கன்னா பொறுமையா விளக்கம் சொல்றவங்களும் உண்டு.

அப்புறம் வரும் அந்தப் பிரபல கேள்வி: 'பில் வேணுமா, வேண்டாமா?' ஜிஎஸ்டி 18 சதவீதம். 40 ஆயிரம் ரூபா பொருளுக்கு 7,200 ரூபா. சபலம் தட்டத்தான் செய்யும். ஆனா பில் இல்லைன்னா வாரன்டிக்கு உங்க கையில் ஒண்ணும் இல்லை. பிராசஸர், போர்டு, கார்டுக்கெல்லாம் சாதாரணமா மூணு வருஷ வாரன்டி வரும். அந்த மூணு வருஷத்தை 7,200 ரூபாய்க்கு வித்துடாதீங்க. பில்லில் ஒவ்வொரு பொருளோட சீரியல் நம்பரும் இருக்கட்டும். 'கம்ப்யூட்டர் செட் - 1'னு மொத்தமா எழுதின பில் பின்னாடி வாதாட உதவாது.

ஒருவேளை பிரச்னை ஆகி, கடையும் கம்பெனியும் மாறி மாறிக் கைகாட்டினா? 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் தீரலைன்னா நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கினது சென்னையில் இருந்தாலும் நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அதாவது திருவள்ளூரிலேயே! அஞ்சு லட்சம் ரூபாய்க்குள்ளே உள்ள பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. இதுக்கெல்லாம் அந்த பில்தான் ஆதாரம்.

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பெட்டியைப் பிரிச்சுப் பாருங்க. இன்டெல் போர்டு, ஏஎம்5 போர்டுன்னா சாக்கெட்டுக்குள்ள மெல்லிசான பின்கள் இருக்கும். போன் டார்ச்சை அடிச்சு வரிசை நேரா இருக்கானு பாருங்க. ஒண்ணு வளைஞ்சிருந்தாலும் வாரன்டி கிடைக்கிறது கஷ்டம். ஏஎம்4-ல் பின்கள் பிராசஸர் அடியில் இருக்கும், அதைப் பாருங்க. பிராசஸர் 'டிரே'வில் சும்மா வந்ததா, சீல் போட்ட பெட்டியானும் கேளுங்க. விலை குறைஞ்சா காரணம் இருக்கும்.

ஸ்குரூ டிரைவர் எடு!

கடையிலேயே மாட்டித் தருவாங்க. ஆனா நீங்களே மாட்டினாதான் அடுத்த தடவை கோளாறு வந்தா எங்கே கை வைக்கணும்னு தெரியும். ஒரு ஃபிலிப்ஸ் ஸ்குரூ டிரைவர், காலியான ஒரு மேஜை, ஒரு மத்தியான நேரம் போதும்.

தப்பு நடக்கிற இடங்களை மட்டும் சொல்றேன். போர்டை கேபினட்டில் வைக்கிறதுக்கு முன்னாடி ஸ்டாண்ட்-ஆஃப் எனப்படற பித்தளைக் கால்கள் எல்லா ஓட்டைக்கும் நேரா இருக்கானு பாருங்க; தேவையில்லாத இடத்தில் ஒண்ணு நின்னா ஷார்ட் ஆகும். பிராசஸருக்குப் போற எட்டு பின் வயரும், கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போற எட்டு பின் வயரும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனா வேற வேற. மேலே எழுதியிருக்கும், படிச்சுட்டு மாட்டுங்க; போகலைன்னா அழுத்தாதீங்க. ரெண்டு குச்சி ரேம்னா, நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட். கூலர் அடியில் இருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டை உரிக்க மறந்து, அப்படியே மாட்டினவங்க ஊருக்கு நாலு பேர் இருக்காங்க! ஏஎம்4 கூலரைக் கழட்டும்போது நேரா மேலே இழுக்காதீங்க, பேஸ்ட் ஒட்டிக்கிட்டு பிராசஸரும் கூடவே வந்து பின் வளையும். செட்டைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைச்சுட்டு, லேசா இடம் வலமா திருகி எடுங்க.

ஆன் பண்ணியும் படம் வரலையா? பதறாதீங்க. ஹெச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் குத்தியிருப்பீங்க, கிராஃபிக்ஸ் கார்டில் குத்துங்க. அப்பவும் இல்லைன்னா ரேமைக் கழட்டி, 'டிக்'னு சத்தம் வர்ற வரை திரும்ப அழுத்துங்க. டிடிஆர்5 போர்டுகள் முதல் தடவை ரேமைப் பழக்கிக்கச் சில நிமிஷம் கறுப்புத் திரையோடவே நிக்கும். அந்த நேரத்தில் ஸ்விட்சை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டே இருக்காதீங்க, ஒரு டீ குடிச்சுட்டு வாங்க.

படம் வந்ததும் பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்கிறதை ஆன் பண்ணணும். பண்ணலைன்னா காசு கொடுத்து வாங்கின ரேம் அதன் முழு வேகத்தில் ஓடாது. மானிட்டர் 144 ஹெர்ட்ஸ்னா விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் போய் 144-ஐத் தேர்ந்தெடுக்கணும்; இல்லைன்னா பல நேரம் 60-லேயே ஓடிக்கிட்டிருக்கும். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அதனால டிபிஎம் 2.0 இருக்கிற போர்டும், விண்டோஸ் 11 ஏத்துக்கற பிராசஸருமா பாருங்க. மலிவா கிடைக்குதேனு பழைய சர்வர் ஜியான் காம்போ வாங்கறவங்க இங்கேதான் மாட்டிக்கிறாங்க.

கடையிலேயே மாட்டி எடுத்துட்டு வர்றதா இருந்தா, அங்கேயே ஒரு தடவை ஆன் பண்ணிப் பார்த்துட்டு, கிராஃபிக்ஸ் கார்டை மட்டும் கழட்டி அதோட பெட்டியிலேயே வைக்கச் சொல்லுங்க. டிரெய்ன் குலுக்கலில் அந்த வெயிட் தொங்கி ஸ்லாட்டை உடைச்சிடும். காலிப் பெட்டிகளைக் கடையில் விட்டுட்டு வராதீங்க, வாரன்டிக்குச் சீரியல் ஸ்டிக்கர் அதில்தான் இருக்கு. மானிட்டரை நிக்க வச்சே கொண்டு போங்க, படுக்க வைக்காதீங்க. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல கும்மிடிப்பூண்டி வண்டியில் நிக்கவே இடம் இருக்காது. மத்தியான வண்டியைப் பிடிச்சிடுங்க.